திறந்த கூம்பா, மூடிய பெட்டியா? மண்பாதையில் ஓடும் பிக்அப்புக்கு எந்த ஏர் இன்டேக்

என் பிக்அப்பின் பானெட்டுக்கு அடியில் இதுவரை மூன்று விதமான ஏர் இன்டேக், அதாவது காற்றை வடிகட்டி இன்ஜினுக்குக் கொண்டுபோகும் அமைப்பு, இருந்திருக்கிறது. முதலில் வண்டியோடு வந்த கம்பெனிப் பெட்டி. அதைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் கூம்பு வடிவில் வெளியே தெரிகிற திறந்த இன்டேக்கை மாட்டி இரண்டு வருடம் ஓட்டினேன். இப்போது இருப்பது மூடிய பெட்டிக்குள் உலர் ஃபில்டர் வைத்த இன்டேக். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி அடிக்கடி புழுதியில் ஓடும் என்றால் மூடிய பெட்டியும் உலர் ஃபில்டரும்தான். தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு கம்பெனிப் பெட்டியே போதும், எதையும் தொட வேண்டாம்.

பவரை முதலில் முடித்துவிடலாம். கம்பெனிப் பெட்டிக்கு மாற்றாக விற்கும் இன்டேக்குகளுக்கு வைத்திருக்கும் கோல்ட் ஏர் இன்டேக் (குளிர்காற்று இன்டேக்) என்ற பெயரைக் கேட்டால், கம்பெனிப் பெட்டி ஏதோ சூடான காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். இன்றைய பிக்அப்புகளில் பெரும்பாலானவை ஃபெண்டருக்குள்ளிருந்தோ முன் கிரில் ஓரத்திலிருந்தோ வெளிக்காற்றைத்தான் எடுக்கின்றன. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் இன்டேக்கை மட்டும் மாற்றினால், உயர்ந்த ஆர்பிஎம்மில் சில குதிரைத்திறன் கூடலாம். மெதுவாக, அதிக இழுவிசையோடு போகும் லோ ரேஞ்ச் கியரில் பாறை ஏறும்போது நாம் அந்த ஆர்பிஎம் பக்கமே போவதில்லை. மைலேஜும் அப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் வெளியிட்ட சோதனையில், ஃபில்டர் அடைத்துக் கிடந்தால்கூட இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களின் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. வண்டி வேகம் எடுப்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. அடைத்த ஃபில்டருக்கே நிலைமை இது என்றால், சுத்தமான கம்பெனி ஃபில்டரைக் கழற்றி வேறொன்றை வைப்பதில் மைலேஜ் எவ்வளவு கூடிவிடப் போகிறது?

சத்தம் உண்மை. கம்பெனிக் குழாயில் சத்தத்தை அடக்க இருக்கும் ரெசனேட்டர் போய்விடுவதால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் மூச்சு இழுப்பது கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. திறந்த இன்டேக்கை நான் வாங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்தது சூடு. காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். திறந்த கூம்பு ஃபில்டர் பானெட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது உள்ளே காற்று ஓடிக்கொண்டிருப்பதால் பெரிய பாதிப்பில்லை. மணலில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் வெப்பம் அங்கேயே தங்குகிறது. வெளியைவிட 30 டிகிரி கூடுதலான காற்றை இன்ஜின் இழுத்தால் அடர்த்தியில் 9 சதவீதம் போய்விடும். கூம்போடு தரும் வெப்பத் தடுப்புத் தகடு ஓரளவு உதவும், ஆனால் அதன் மேல்விளிம்பு ரப்பர் பானெட்டோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். என் வண்டியில் ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. மூடிய பெட்டியில் இந்தக் கவலை குறைவு. இருந்தாலும் சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் கூம்பைக் கழற்றியிருக்க மாட்டேன்.

கழற்ற வைத்தது புழுதி. இன்னும் சரியாகச் சொன்னால், புழுதி படிந்த ஃபில்டரை யார், எங்கே, எப்போது சுத்தம் செய்வது என்ற கேள்வி.

4 லிட்டர் இன்ஜின் ஒன்று 3000 ஆர்பிஎம்மில், காற்றை உள்ளே விடும் வால்வான திராட்டில் முழுதும் திறந்து ஓடினால், கணக்குப்படி நிமிடத்துக்கு 6000 லிட்டர் காற்று வரை விழுங்கும். முன்னால் போகும் வண்டி கிளப்பிவிட்ட புழுதிக்குள் நாம் ஓட்டும்போது அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மண்ணில் நிறைய இருப்பது குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அது 7. சுத்த அலுமினியம் அதே அளவுகோலில் 3ஐக்கூட எட்டாது. பெரிய மணல் துகளை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். இன்ஜினை அரிப்பது மாவு போன்ற புழுதி, அதாவது ஆயில் படலத்தின் தடிமனுக்குப் பக்கத்தில் வரும் சில மைக்ரான் முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்கள். அவைதான் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே புகுந்து உரசுகின்றன.

ஃபில்டர் அட்டைப் பெட்டியில் 98 சதவீதம், 99 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஒரு சதவீதம்தானே என்று நானும் ஒரு காலத்தில் கடந்து போயிருக்கிறேன். பார்க்க வேண்டியது பிடிபட்டதை அல்ல, தப்பித்ததை. 99 பிடிக்கும் ஃபில்டரில் நூற்றுக்கு ஒன்று உள்ளே போகிறது, 98 பிடிப்பதில் இரண்டு. இன்ஜினுக்குள் போகும் மண் இரட்டிப்பு. வாங்கும் முன், ஏர் ஃபில்டர் சோதனைக்கான சர்வதேச தரமான ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதித்த விவரம் இருக்கிறதா, எந்த வகைச் சோதனைப் புழுதியில் சோதித்தார்கள் என்று பாருங்கள். நுண்புழுதியில் கிடைத்த எண்ணையும் பருமனான புழுதியில் கிடைத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

என் கதைக்கு வருகிறேன். மூன்று நாள் மண்பாதைப் பயணம், ஆறு வண்டிகள் வரிசையாக. நான் ஐந்தாவது. இரண்டாம் நாள் சாயங்காலம் பானெட்டைத் திறந்தால் சிவப்பாக இருந்த கூம்பு முழுக்கக் காவி நிறம். எண்ணெய் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் அதற்கான கிளீனரை அடித்து ஊற வைத்து, உட்புறத்திலிருந்து வெளியே மெல்லத் தண்ணீர் விட்டு அலசி, இயல்பாகக் காய விட்டு, மடிப்பு மடிப்பாக எண்ணெய் விட்டு, அது பரவும்வரை காத்திருக்க வேண்டும். கம்ப்ரஸ்ஸர் காற்றும் கூடாது, ஹேர் டிரையரும் கூடாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் இதில் எதுவுமே நடக்காது. புழுதியைத் தட்டியும் விட முடியாது, எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியே மாட்டிக்கொண்டு மூன்றாம் நாளையும் ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து கழுவினேன். அந்தப் பயத்தில் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். அது என் தவறுதான். இரண்டு வாரத்தில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. கோட் பி0171, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அதிகமான எண்ணெய் காற்றோடு போய், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்திருந்தது. கம்பி காற்றைக் குறைத்து அளக்க, கணினி பெட்ரோலைக் குறைத்துவிட்டது. சென்சாருக்கென்றே இருக்கும் கிளீனர் ஸ்பிரேயால் கழுவிய பிறகு சரியானது. அளவாக எண்ணெய் விட்டால் இந்தச் சிக்கல் வராது என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த அளவைச் சரியாகப் பிடிக்க வேண்டியிருப்பதே எனக்குப் பெரிய சுமையாகத் தெரிந்தது.

அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய ஆயிலை லேபுக்கு அனுப்பினேன். சிலிக்கான் முந்தைய மாதிரியைவிடத் தெளிவாக ஏறியிருந்தது. கூடவே இரும்பும் அலுமினியமும். சிலிக்கான் தனியாக ஏறினால் கேஸ்கெட் பசையாகக்கூட இருக்கலாம், தேய்மான உலோகங்களோடு சேர்ந்து ஏறினால் மண் புகுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே நான் நியாயமாக இருக்க வேண்டும். ஃபில்டருக்குப் பிந்தைய குழாயை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தபோது, கூம்பின் கழுத்தில் கிளாம்ப் போட்ட இடத்தில் ஒரு பக்கம் மட்டும் காவிக் கோடு இருந்தது. அதாவது ஃபில்டர் துணி வழியாக எவ்வளவு வந்தது, கிளாம்ப் வழியாக எவ்வளவு வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒரே வண்டி, ஒரே அனுபவம். பருத்தி ஃபில்டரே மோசம் என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

சரி, மூடிய பெட்டியில் என்ன மாறியது? ஃபில்டர் உலர்ந்த செயற்கை இழை. சாயங்காலம் மூடியைத் திறந்து, எடுத்து, தரையில் மெல்லத் தட்டி, தேவைப்பட்டால் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸ்ஸரைத் தள்ளிப் பிடித்து உட்புறத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதினால் போதும். அதையும்விட எளிது, சுத்தமான இன்னொரு ஃபில்டரைக் காற்றுப் புகாத பையில் போட்டு வண்டியில் வைத்துக்கொள்வது. மாற்ற ஐந்து நிமிடம். அழுக்கானதை வீட்டில் கழுவிக்கொள்ளலாம். சென்சாரில் படிய எண்ணெயே இல்லை. மூடி உட்காரும் ரப்பர் விளிம்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவுகிறேன். அடுத்த முறை திறக்கும்போது கிரீஸுக்கு உள்பக்கம் புழுதி தெரிந்தால் எங்கே கசிகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. கூரை உயரத்திலிருந்து காற்றை எடுக்கும் குழாயான ஸ்நார்க்கலை மூடிய பெட்டியோடுதான் இணைக்க முடியும், திறந்த கூம்போடு முடியாது. ஸ்நார்க்கல் என்றால் எல்லோருக்கும் ஆற்றைக் கடப்பதுதான் நினைவுக்கு வரும். எனக்கு அதன் பயன் புழுதியில்தான் தெரிந்தது. கூரை உயரத்தில் காற்று எவ்வளவோ சுத்தம். வரிசையில் பின்னால் போகும்போது ஸ்நார்க்கலின் தலையைப் பின்பக்கம் திருப்பி வைக்கலாம், அல்லது காற்றைச் சுழற்றிப் பெரிய துகளை வெளியே தள்ளும் பிரீ கிளீனரை மேலே பொருத்தலாம். ஃபில்டர் அழுக்காகும் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

அப்படியானால் கம்பெனிப் பெட்டியோடு ஸ்நார்க்கலைச் சேர்த்தால் போதாதா? போதும், பலருக்கு அதுவே நல்ல தேர்வு. காகித ஃபில்டரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அழுக்குப் படியப் படிய அது இன்னும் நுண்ணிய துகளைப் பிடிக்கும், எங்கும் கிடைக்கும், கழுவும் வேலையே இல்லை. நான் அதற்குத் திரும்பாததற்கு இரண்டு காரணம்: என் பெட்டியின் கிளிப் ஒன்று உடைந்து மூடி சரியாக உட்காராமல் போனது, இப்போதைய மூடிய பெட்டியின் ஃபில்டர் பரப்பளவு பெரியதாக இருந்ததால் அடைக்க அதிக நாள் எடுத்தது. உங்கள் பெட்டியின் கிளிப்பும் விளிம்பும் உறுதியாக இருந்தால் என் இரண்டாவது பரிந்துரை அதுதான். திறந்த கூம்பு மூன்றாவது.

தண்ணீரைப் பற்றி என் அனுபவம் குறைவு, சக்கர நடுப்பகுதிக்கு மேல் நான் இறங்கியதில்லை. ஆனால் நீண்ட குழாயை ஃபெண்டருக்குக் கீழே பம்பர் ஓரம்வரை இறக்கி அங்கே ஃபில்டரை வைக்கும் வகையை மட்டும் இந்த வேலைக்கு வாங்காதீர்கள். குளிர்ந்த காற்று கிடைப்பது உண்மைதான், ஆனால் ஓடையில் முதலில் நனைவது ஃபில்டர்தான். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும். மூடிய பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ரப்பர் வால்வு இருக்கும். ஆற்றைக் கடக்கும் முன் அது கிழியாமல் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். டர்போ டீசலில் நான் சொந்தமாக எதையும் மாற்றியதில்லை. அங்கே புழுதி முதலில் தாக்குவது வேகமாகச் சுழலும் கம்ப்ரஸ்ஸர் இறக்கைகளை என்பதால் சீலிங் இன்னும் முக்கியம் என்பதை மட்டும் சொல்லலாம்.

மாட்டுவது எதிலும் கடினமில்லை, ஒரு மதியப் பொழுது போதும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பழைய குழாயை எடுத்ததும் திராட்டில் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். சென்சாரில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும், கம்பியில் விரல் படக் கூடாது. இன்ஜினுக்குள் சேரும் வாயுக்களை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி ஹோஸை மறக்காமல் புதுக் குழாயில் செருகுங்கள். சென்சாருக்குப் பிறகு எங்கே கசிந்தாலும் அளக்கப்படாத காற்று உள்ளே போய் அதே பி0171 வரும். சென்சார் உட்காரும் குழாயின் உள்விட்டம் கம்பெனிக் குழாயின் அளவிலேயே இருக்கிறதா என்று வாங்கும்போதே விசாரியுங்கள், மாறினால் காற்றை அளக்கும் கணக்கே மாறிவிடும். மேடு பள்ளத்தில் இன்ஜின் தன் மவுண்டில் நிறைய ஆடும், பெட்டி ஆடாது. குழாய் எதிலும் உரசாமல் இரண்டு விரல் இடம் இருக்கட்டும். முதல் மண்பாதைப் பயணம் முடிந்ததும் எல்லாக் கிளாம்பையும் மறுபடி முடுக்குங்கள். என்னுடையதில் இரண்டு தளர்ந்திருந்தன.

கழற்றிய கம்பெனிப் பெட்டியைப் போல்ட்டோடு சேர்த்து எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும்போதோ புகைச் சோதனையில் கேள்வி வரும்போதோ தேவைப்படும். என்னுடையது உடைந்த கிளிப்புக்கு மாற்று வாங்கிப் போட்டு, அலமாரியில் இருக்கிறது. பெட்டி மாறிய பிறகு இரண்டு முறை ஆயில் மாதிரி அனுப்பினேன். முதல் முறையே சிலிக்கான் இறங்கியது, இரண்டாவதில் பழைய அளவுக்கு வந்துவிட்டது.