‘குளூட்டன் ஃப்ரீ’ ஸ்டிக்கரை நம்பி 650 ரூபாய்க்கு வயிற்றுப்போக்கு வாங்கிய கதை

சிறுதானிய மாவு என்று நம்பி மூன்று வாரம் என் மகளுக்குக் கோதுமையை ஊட்டியிருக்கிறேன். மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கம் சீலியாக் (கோதுமை ஆகாத குடல் நோய்) உள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள் யாரும் இருந்தால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

மகளுக்கு ஒன்பது வயது. மதுரையில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்த பிறகுதான் சீலியாக் என்று சொன்னார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் எது உள்ளே போனாலும் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடலின் குடலுறிஞ்சிகள் சிதைந்துபோகும். மாத்திரையில் தீராது, ஆயுசுக்கும் பத்தியம். சோறும் மீன்குழம்பும் சாப்பிடுகிற ஊர்தானே, இதில் என்ன கஷ்டம் என்று முதலில் தைரியமாகத்தான் இருந்தேன். பிள்ளைக்குப் புரியுமா? பக்கத்து வீட்டில் சப்பாத்தி வாசம் வந்தால் இவளுக்கும் சப்பாத்தி வேண்டும். அவளுக்கு ஆகிற மாவு மதுரையிலிருந்து வந்தால் கிலோ 260 ரூபாய்.

ஏப்ரல் 15 வந்ததும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ராமநாதபுரம் டவுனில் ஒரு இயற்கை அங்காடி, ‘100% குளூட்டன் ஃப்ரீ சப்பாத்தி மாவு’, கிலோ 130. பஸ் ஏறிப் போய் ஐந்து கிலோ வாங்கினேன்.

“வரகு, குதிரைவாலி, கேப்பை, மூணு மட்டுந்தான்க்கா. சுகர்காரங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க” என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். “சின்னக் கடைக்கா, பில்லெல்லாம் எதுக்கு?” என்று துண்டுச்சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தேதியும் இல்லை, உரிம எண்ணும் இல்லை. பார்த்தேன்தான். விலை கண்ணை மறைத்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி சப்பாத்தி பூரி மாதிரி உப்பி வந்தது. கேப்பை மாவென்றால் வெந்நீர் விட்டுப் பிசைந்து, இலையில் வைத்துத் தட்ட வேண்டும், எடுக்கும்போதே பிய்ந்துவிடும். இதுவோ மெல்லிசாகத் தேய்த்தாலும் கிழியவில்லை. கடையைப் பற்றி இரண்டு பேரிடம் பெருமையாக வேறு சொன்னேன். இப்போது அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது.

இரண்டாவது வாரம் வயிறு உப்பல், வாய்ப்புண், அப்புறம் வயிற்றுப்போக்கு. நுங்கு சேரவில்லை என்று நுங்கை நிறுத்தினோம். தண்ணீரைச் சந்தேகப்பட்டு கேன் தண்ணீர் வாங்கினோம். மாவைச் சந்தேகப்பட்டது என் மாமியார்தான். “ஏத்தா, ரப்பராட்டம் இழுக்குதே, கேப்பை மாவு என்னைக்கு இழுத்துச்சு?”

சுருக்கென்றது. எலுமிச்சை அளவு மாவைப் பிசைந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, கிண்ணத் தண்ணீரில் உருட்டி உருட்டிக் கழுவினேன். கேப்பையோ வரகோ என்றால் முழுக்கக் கரைந்து ஓடிவிடும். இது வெள்ளைத் தண்ணீரை விட்டுவிட்டு, கடைசியில் சூயிங்கம் மாதிரி ஒரு பசைக்கட்டியாக விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கட்டிதான் குளூட்டன். ஆனால் ஒன்று, கோதுமை நிறையக் கலந்திருந்தால்தான் இப்படிக் கழுவினால் தெரியும். லேசாகக் கலந்திருந்தால் கரைந்தே போகும், கரைந்ததை வைத்து நல்ல மாவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குளூட்டன் ஃப்ரீ என்று போட்டு விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அவ்வளவு நுணுக்கத்தை ஆய்வகம்தான் பார்க்க முடியும்.

திரும்பக் கடைக்குப் போனேன். மனுஷர் அசரவே இல்லை. “மாவு ஒட்டணும்ல, அதுக்குச் சம்பா கோதுமை சேர்ப்போம். சம்பாவுல குளூட்டன் கிடையாதுக்கா.” சம்பா கோதுமையும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு. ஏமாற்றுகிறாரா, தெரியாமல்தான் விற்கிறாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிள்ளை வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்த பாக்கெட்டுக்குப் பணம் தர முடியாது என்றுவிட்டார். மிச்சம் பிடித்தது கிலோவுக்கு 130. டாக்டர், மருந்து, மதுரைக்குப் போக வர என்று செலவானது 3,000க்கு மேல்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். முதலில் அவர்கள் கேட்டதே பில்தான். அதனால் நீங்கள் சண்டை போட்டாவது பில் வாங்குங்கள். 14 இலக்க உணவு உரிம எண் இல்லாத பாக்கெட்டைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மாவாக எதையும் வாங்குவதில்லை. ரேஷன் அரிசி இலவசம், இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் அதுவே ஓடுகிறது. கேழ்வரகை முழுத் தானியமாக வாங்கி, பொறுக்கிக் கழுவி, மாடியில் காயவைத்து மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். மில்லுக்குக் கொடுப்பதில்லை. முந்தின ஆள் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு மெஷினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தடைக்காலத்திலும் நாட்டுப்படகில் சூடை மீன் மலிவாக வருகிறது. கொஞ்சம் வேலை கூடுதல், வேறொன்றுமில்லை.

இந்தக் கூத்தில் இன்னும் இரண்டைக் கண்டுபிடித்தேன். கூட்டுப் பெருங்காய டப்பாவின் பின்னால் சின்ன எழுத்தில் கோதுமை மாவு என்றிருந்தது. கேழ்வரகு சேமியா பாக்கெட்டிலும் கோதுமை இருக்கிறது. வீட்டில் இருப்பதை இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். சத்துமாவு வாங்குகிறவர்கள் பார்லியையும் தேடுங்கள்.

போன வாரம் டவுனுக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். அதே ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. பாக்கெட்டை மட்டும் அரைக் கிலோவாக்கி 75 ரூபாய் போட்டிருக்கிறார்.