'வென்ட்' எங்கே, 'ஹாஸ் கோன்' எங்கே?

ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'அகோ', '2013' என்று முடிந்துபோன காலத்தைச் சொன்னால் எளிய இறந்தகாலம்தான்: 'தி ட்ரெயின் கேம் பாக் டு கிளிநொச்சி இன் 2013.' 'வென்' என்று கேட்கும் கேள்விக்கும் இதுவே.

நேரத்தைச் சொல்லாமல், நடந்த ஒன்றால் வந்த இப்போதைய நிலையைச் சொல்வதற்கு 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' வேண்டும். 'ஹீ ஹாஸ் கோன் டு வவுனியா' என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை. போய் வந்துவிட்டார் என்றால் 'ஹாஸ் பீன்'. பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

வன்னிப் பிள்ளைகள் சறுக்குவதற்குக் காரணம் நம் தமிழேதான். 'போன வருசம் இரணைமடுவுக்குப் போயிருக்கிறன்' என்பது தமிழில் சரி. அதையே 'ஐ ஹாவ் பீன் டு இரணைமடு லாஸ்ட் இயர்' என்று எழுதினால் பிழை. 'ஐ வென்ட்' என்றே எழுதவேண்டும்.

மறுபக்கப் பிழையும் உண்டு. '2012 இலிருந்து முல்லைத்தீவில இருக்கிறா' என்பதை 'ஷீ இஸ் லிவிங்' என்று எழுதுவார்கள். 'ஷீ ஹாஸ் லிவ்ட் இன் முல்லைத்தீவு சின்ஸ் 2012' என்பது சரி. 'சின்ஸ்' தொடங்கிய ஆண்டுக்கு. கால அளவுக்கு 'ஃபோர்' (for): 'ஃபோர் டென் இயர்ஸ்'.

'ஹாவ் வென்ட்' எங்கும் வராது. இந்த அமைப்பில் 'ஹாவ்' இற்குப் பின் 'கோன்', 'பீன்' போன்ற வினையின் மூன்றாம் வடிவம் மட்டுமே.