தலைகுந்தா உறைபனியில் ஆறு குளிர்காலம்: நிக்கான் டி7200 அனுபவம்

2019 ஜனவரியில் தொடங்கியது. அதிலிருந்து ஆறு குளிர்காலம், ஊட்டி பக்கம் தலைகுந்தாவில் சித்தப்பா வீட்டில் தங்கி உறைபனியைப் படமெடுத்திருக்கிறேன். அதே நிக்கான் டி7200, அதே டாம்ரான் 90 எம்எம் மேக்ரோ லென்ஸ், சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்க உதவுவது. கேமரா 2015-இல் வந்த மாடல், மாற்றத் தோன்றவில்லை. கையுறையோடே திருகக்கூடிய இரண்டு டயல் இருக்கிறது, இந்த வேலைக்கு அது பெரிய விஷயம். பனி எடுக்கக் கிளம்புகிறவர்கள் எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் என்னிடம் கேட்பார்கள். பேட்டரியை எங்கே வைப்பது என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

முழு சார்ஜில் 1,110 படம் என்பது கம்பெனிக் கணக்கு. பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் அது செல்லாது. லித்தியம் அயன் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். சார்ஜ் இருந்தும் மின்னழுத்தம் இறங்கி கேமரா அணைந்துபோகும். இரண்டாம் வருஷம் விலை குறைவு என்று வாங்கிய மாற்று பேட்டரி, பாதிக்கு மேல் சார்ஜ் காட்டிக்கொண்டே நாற்பது படத்தில் நின்றுவிட்டது. சட்டைக்குள் பத்து நிமிஷம் வைத்திருந்து போட்டேன், மறுபடி ஓடியது. அன்று முதல் இரண்டு ஒரிஜினல் பேட்டரி. ஒன்று கேமராவில், மற்றது ஸ்வெட்டருக்குள்ளே சட்டைப் பையில். அரை மணிக்கு ஒருதரம் மாற்றிப் போடுகிறேன். அதற்குப் பிறகு ஒரு காலையும் வீணாகவில்லை.

மேகமும் காற்றும் இல்லாத இரவுக்கு மறுநாள்தான் பனி நன்றாக விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் ஒன்றுமே இருக்காது. ஓடையோரப் புல்வெளி மட்டும் உப்பு கொட்டியதுபோல் வெளுத்திருக்கும். ஆறு மணிக்குள் டிரைபாட் நட்டாக வேண்டும். வெயில் தொட்ட இடத்தில் சில நிமிஷத்தில் எல்லாம் நீராகிவிடும். வெள்ளையின் வெளிச்சத்தை அப்படியே அளக்க விட்டால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது படத்தில் விழும் ஒளியை இரண்டு மடங்காக்குங்கள். மேக்ரோவில் நெருங்கும்போது மூச்சை அடக்குங்கள். வாயிலிருந்து வரும் ஆவி வ்யூஃபைண்டரை மூடும், இலை மேல் பட்டால் பனியும் கரையும். இலை விளிம்பில் சர்க்கரை ஒட்டியதுபோல் தெரிவது கிட்டே போனால் தனித்தனி ஊசி. விளிம்பில் நீளமாக, நரம்பின் மேல் குட்டையாக நிற்கும்.

முதல் வருஷம் செய்த தப்பு இது. குளிர் தாங்காமல் கேமராவோடு நேரே அடுப்படிக்குள் போய் டீக்கு உட்கார்ந்துவிட்டேன். லென்ஸுக்கு உள்பக்கமும் ஈரம் கோத்து, இரண்டு நாள் படம் எடுக்க முடியவில்லை. இப்போது வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து மூடிவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவருகிறேன். கேமரா அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஒன்றிரண்டு மணி நேரம், கவரைத் திறப்பதில்லை.

2022-இல் பனி போர்த்திய தேயிலைத் துளிர் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின சாயங்காலம் செடிகள் மேல் மூடிய பெரணித் தழையை விலக்கிக்கொண்டிருந்தார் தோட்டத்து அக்கா. "அந்த வரிசைக்கு மட்டும் தழை பத்தல தம்பி. மத்தியானம் வந்து பாருங்க" என்றார். இரண்டு மணிக்குப் போனேன். காலையில் வெள்ளிபோல் மின்னிய அதே துளிர் செம்பழுப்பாகக் கருகிச் சுருண்டிருந்தது. அதே லென்ஸ், அதே தூரத்தில் அதையும் எடுத்தேன். வெள்ளைப் படத்தை மட்டும் தனியாக யாருக்கும் காட்டுவதில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால், பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு அவர் தோட்டத்துக்குத் தழை சுமக்கப் போகிறேன்.