எழுவானைப் பிடிக்க எந்தக் கரை?

மட்டக்களப்பில் ஆவணி பிறந்தால் தெரிந்தவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "ஒரு நாள்தான் லீவு. கமராவைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போறதா, படுவான்கரைக்குப் போறதா?" சிறுபோக அறுவடை, கரைவலை, கச்சான் காற்று, கோயில் திருவிழா எல்லாம் ஒன்றாக ஓடும் மாதம் இது. வாடையும் மாரியும் வர இன்னும் நாள் கிடக்கிறது. எங்கே போனாலும் ஏதாவது கிடைக்கும். ஆனால் எந்தக் கரையில் எந்த நேரம் நிற்கிறீர்கள் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கும் கூடுதலாக நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாய் விரிவது படுவான்கரை. பொழுது எழும் கரை, பொழுது படும் கரை. பெயரை நம்பி எல்லோரும் காலையில் எழுவானிலும் மாலையில் படுவானிலும் போய் நிற்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நின்றேன். இப்போது சொல்வது நேர் எதிர்.

முதலில் கடல் பக்கம். கல்லடியிலோ நாவலடியிலோ ஓகஸ்ட் கடைசியில் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் கடலுக்கு மேலே தலைகாட்டும். அழகுதான். ஆனால் படச்சட்டத்துக்குள் என்ன இருக்கிறது? கீழே தண்ணீர், மேலே வானம், நடுவில் ஒரு வட்டம். என்னிடம் அப்படி இருநூறு படம் இருக்கும், எந்த வருடத்தது என்று எனக்கே தெரியாது. அரை மணித்தியாலத்தில் வெளிச்சம் வெள்ளையாகிவிடும், அப்புறம் கண்கூசும். ஒருமுறை கல்லடியில் ஏசி போட்ட அறையில் கமராவை வைத்துவிட்டு விடியப்புறம் நேரே கடற்கரைக்கு எடுத்துப் போனேன். லென்ஸ் முழுக்க ஆவி படிந்து, துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. அது தெளிவதற்குள் சூரியன் ஒரு பனை உயரம் ஏறிவிட்டது. அன்றிலிருந்து கமராப் பை இரவில் விறாந்தையில்தான்.

கடல் பக்கத்தைக் காப்பாற்றுவது கரைவலை. இது மட்டும் இல்லையென்றால் எழுவான்கரைக் காலையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கரையில் இரண்டு கூட்டம் இரண்டு கயிற்றைப் பிடித்து இழுக்கும். வலை நெருங்க நெருங்க இரு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். மீன் சேரும் வலையின் மடி கரை தட்டும்வரை சில மணித்தியாலம் ஆகும், அவசரமே இல்லை. பெரும்பாலானோர் இழுப்பவர்களுக்குப் பின்னால் நின்று எடுக்கிறார்கள். கிடைப்பது முதுகும் கறுப்பு உருவமும்தான். காலை வெயில் கடலிலிருந்து வருகிறது, இழுப்பவர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அப்படியென்றால் நீங்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, சூரியனுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்க்க வேண்டும். முகத்தில் விழும் மஞ்சள் வெளிச்சம், கயிறு பிடித்துக் காய்த்த உள்ளங்கை, கயிற்றிலிருந்து சொட்டும் உப்புத்தண்ணீர் எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். ஒரேயொரு விசயம், மடி கரையேறும் நேரம் குறுக்கே நிற்காதீர்கள். அது அவர்களுடைய அன்றைய சோறு. படத்தைத் தள்ளியிருந்தும் எடுக்கலாம்.

இனிப் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பக்கம் இருட்டோடு போய்ச் சேர்வது கஷ்டமில்லை. வாவியோரம் கிழக்கைப் பார்த்து நில்லுங்கள். அதே சூரியன்தான் எழுகிறது, ஆனால் எதிரே எழுவான்கரைத் தென்னைகள் வரிசையாய்க் கறுப்பு, முன்னே காற்று எழாத வாவி கண்ணாடி, அதற்குள் ஒற்றைத் தோணியில் வீச்சுவலைக்காரர். எழுவான்கரை என்ற பெயரே இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் வைத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கொரு எண்ணம். கடற்கரையில் கிடைக்காத மூன்று அடுக்கு இங்கே சும்மா கிடைக்கிறது.

ஏழு மணிக்கு மேல் வயல் வட்டைக்குள் இறங்கலாம். முன்பு வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து மாட்டால் மிதித்த களம் இன்று பெரும்பாலும் இல்லை, வெட்டுமெசின்தான். பலருக்கு அது பிடிப்பதில்லை, 'பழைய கிராமத்தைக் கெடுத்துவிட்டது' என்று கமராவை மூடிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மெசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் ஒரு படையாக நடக்கும், மேலே கரிச்சான், செம்பருந்து. கதிரிலிருந்து தப்பி ஓடும் பூச்சிக்கும் தவளைக்கும் அத்தனை போட்டி. இங்கே கச்சானும் உங்களுக்கு உதவி. அது மேற்கிலிருந்து வீசும் காய்ந்த காற்று. நீங்கள் மேற்கே நின்றால் வைக்கோல் தூசி உங்களை விட்டு விலகிக் கிழக்கே போகும், காலை வெயில் அதற்குப் பின்னாலிருந்து வரும். தூசி முழுக்கப் பொன்னாகத் தெரியும், லென்ஸும் தப்பும். கிழக்கே நின்றால் இரண்டும் போச்சு. கொக்கின் வெள்ளை வெளிறிப் போகாமல் ஒரு ஸ்டொப் குறைத்து எடுங்கள். வட்டைக்குள் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

பதினொன்றுக்குப் பிறகு இரண்டு கரையும் ஒன்றுதான், உதவாது. செப்டம்பர் 2, 3ஆம் திகதிகளில் மட்டக்களப்பில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நிமிர்ந்து நின்றால் நிழல் காலடிக்குள் ஒடுங்கும். ஆட்களின் கண் இருக்கும் இடம் குழியாய்க் கறுத்துப் போகும். வாடிக் கொட்டில் நிழலில் படுத்து எழும்புங்கள்.

மாலைக்கு மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு, அல்லது அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்குப் பாதையில் கடந்து வரலாம். பாதை என்றால் இங்கே ரோட்டு இல்லை, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. மண்டூர் முருகன் கோயில் திருவிழா நாளென்றால் பட்டுச்சேலையும் அர்ச்சனைத் தட்டும் பிள்ளைகளுமாய் அதுவே ஒரு தேர். எழுவான்கரையில் இறங்கி வாவிப் பக்கமாகவே நில்லுங்கள், கடற்கரைக்குப் போக வேண்டாம். ஆறேகாலுக்குள் பொழுது படுவானுக்குள் இறங்கிவிடும். நம் ஊரில் அந்தி நீளாது, இருபது நிமிடத்தில் இருட்டு.

அம்பாறைப் பக்கம் லகுகலைக்குப் போகலாமே என்பார்கள். கோடையில் குளத்துப் புல்லுக்கு யானைகள் கூட்டமாய் இறங்குவது உண்மை, பொத்துவில்–மொனராகலை வீதியோரம்தான் குளம். ஆனால் அதற்கு நீளமான லென்ஸ் வேண்டும், பொறுமை வேண்டும், யானை வராவிட்டால் அந்த நாள் போச்சு. ஊர் வாழ்க்கையும் சேர்த்து வேண்டும் என்பவருக்கு அது இரண்டாவது பயணம்.

கைப்போனா கமராவா என்பதும் கேட்கிறார்கள். கொக்குக்கும் பருந்துக்கும் கமராதான், பேச்சில்லை. ஆட்களுக்கு எனக்கு முன்பிருந்த நிச்சயம் இப்போது இல்லை. வெல்லாவெளிப் பக்கம் தெருவோரம் எருமைத் தயிர் விற்கும் ஒரு ஆச்சியிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "என்னத்துக்கு மனே?" என்றவர், அப்புறம் தானாகவே நல்ல சட்டிகளைப் பொறுக்கி முன்னுக்கு அடுக்கினார், சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றையும் துடைத்தார். நான் கமராவில், பின்னும் முன்னும் மங்க, முகம் மட்டும் தெளிவாக எடுத்தேன். எனக்கு அந்த வருடத்தின் நல்ல படம் அது. அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆச்சி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ட முகத்த நான் கண்ணாடியில பாக்கிறன்தானே," என்றார். "சட்டி எங்க மனே?"