தோற்கிற ஹாக்கி அணிக்குப் புது கோச் தேவையா, பழையவரே போதுமா?

2025 ஜூனில் இந்திய ஆடவர் ஹாக்கி அணி, முன்னணி நாடுகள் ஆடும் புரோ லீக் தொடருக்காக ஐரோப்பா போய் வரிசையாக ஏழு ஆட்டங்களில் தோற்றது. நெதர்லாந்திடம் இரண்டு, அர்ஜென்டினாவிடம் இரண்டு, ஆஸ்திரேலியாவிடம் இரண்டு, பெல்ஜியத்திடம் ஒன்று. கடைசி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்றதுதான் ஒரே ஆறுதல். ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். இன்னும் ஒரு படி இறங்கியிருந்தால் லீக்கை விட்டே வெளியேறியிருப்பார்கள். கோச் கிரெய்க் ஃபுல்டனை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எங்கள் ஹாக்கி வாட்ஸ்அப் குழுவில் அந்த மாதம் முழுக்க ஓடியது. மாற்றவில்லை. செப்டம்பரில் அதே கோச், ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள், ராஜ்கிரில் தென்கொரியாவை 4-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பையை வென்றார்கள். உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றார்கள்.

இந்த ஒன்றை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆசியக் கோப்பையில் நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடுவதில்லை. ஏழு தோல்விகளில் ஆறு ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஹாக்கி கிளப்பின் கமிட்டியில் இருக்கிறேன். போன சீசனுக்கு முன்பு எங்களுக்கும் இதே கேள்வி வந்தது. கோச்சை வைத்துக்கொள்வது என்றுதான் முடிவெடுத்தோம். அப்போது யோசித்ததும் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

மாற்றுவதில் உள்ள நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு நம்பிக்கை வரும். இடம் உறுதி என்று நினைத்தவன் கூடுதலாக ஓடுவான். எதிரணி தயாரித்து வைத்திருக்கும் வீடியோ அலசல் கொஞ்ச நாளைக்குப் பயன்படாது. இருபது ஆட்டக்காரர்களை மாற்ற முடியாது, ஒரு கோச்சை மாற்றலாம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

மாற்றச் சொல்பவர்கள் எப்போதும் காட்டும் பெரிய உதாரணம் ஐஸ் ஹாக்கியில் இருக்கிறது. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் செயிண்ட் லூயிஸ் புளூஸ் அணி 2018 நவம்பரில் மைக் யோவை நீக்கிவிட்டு கிரெய்க் பெருபேயைத் தற்காலிக கோச்சாகப் போட்டது. அடுத்த ஜூனில் பாஸ்டனை அதன் சொந்த மைதானத்தில் ஏழாவது ஆட்டத்தில் வென்று ஸ்டான்லி கோப்பையை எடுத்தது. அந்த கிளப்பின் வரலாற்றிலேயே அதுதான் முதல் கோப்பை. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் நடந்ததைப் பலர் சொல்வதில்லை. பெருபே பொறுப்பேற்று ஆறு வாரத்துக்கு மேல் ஆன பிறகும், 2019 ஜனவரி தொடக்கத்தில், 31 அணிகளில் அவர்கள்தான் கடைசி. ஜனவரி 7 அன்று ஜோர்டன் பின்னிங்டன் என்ற இளம் கோல்கீப்பரை முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார்கள். அன்று அவர் ஒரு கோல்கூட விடவில்லை. அணி எழுந்தது அதற்குப் பிறகுதான். புது கோச் இல்லாவிட்டால் அந்தப் பையனுக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது என்றும் வாதாடலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் கோச் மாறியவுடன் அணி மாறியது என்று மட்டும் சொல்ல முடியாது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அந்த லீக்கில் அப்போது ஓர் அணிக்கு ஒரு சீசனில் 82 ஆட்டங்கள். புது கோச் இன்று சொன்னதை நாளை மறுநாளே ஆட்டத்தில் போட்டுப் பார்த்துத் திருத்தலாம். புல்தரை ஹாக்கியில் ஒரு தேசிய அணிக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் நம் இந்திய அணிக்கே வருவோம். ஆடவர் அணியின் கோச்சாக இருந்த டெர்ரி வால்ஷ் 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று தந்து, சில வாரங்களிலேயே விலகினார். அடுத்து பால் வான் ஆஸ் வந்தார், சில மாதங்களில் போனார். ரோலண்ட் ஓல்ட்மன்ஸ் 2017 செப்டம்பர் வரை இருந்தார். பிறகு சோர்ட் மரிஜ்னே, பிறகு ஹரேந்திர சிங், 2019 ஏப்ரலில் கிரஹாம் ரீட். ஐந்து வருடம்கூட ஆகாத காலத்தில் ஆறு பேர்.

இதில் கவனிக்க வேண்டியது, மாற்றம் நடந்தவுடன் பெரும்பாலும் நல்ல முடிவுதான் வந்திருக்கிறது. மரிஜ்னே வந்த அடுத்த மாதமே டாக்காவில் ஆசியக் கோப்பை. ஹரேந்திரா வந்த இரண்டு மாதத்தில் பிரெடாவில் சாம்பியன்ஸ் டிராபி வெள்ளி. உடனே கூட்டமைப்புக்கு, மாற்றியது சரிதான் என்ற திருப்தி. அப்புறம் என்ன ஆனது? மரிஜ்னேயின் அணி கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் பதக்கம் இல்லாமல் நான்காவதாக வந்தது. ஹரேந்திராவின் அணி ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மலேசியாவிடம் ஷூட்அவுட்டில் விழுந்தது. அந்த வருடக் கடைசியில் புவனேஸ்வர் உலகக் கோப்பையில் கால் இறுதியோடு நின்றது. பெண்கள் அணியிலும் இதே கதை. 2024இல் கோச் மாறியது, நவம்பரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி கிடைத்தது. அடுத்த ஜூனில் புரோ லீக்கில் கடைசி இடம் வந்து கீழே இறக்கப்பட்டார்கள்.

ஒரு அணி மிக மோசமாக ஆடும்போதுதான் கோச்சை மாற்றுகிறார்கள். அந்த இடத்திலிருந்து, யார் இருந்தாலும், கொஞ்சம் மேலே வருவது இயல்பு. அந்த ஏற்றத்தைப் புது கோச்சின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மூன்று மாதத்து முடிவை வைத்துக் கோச்சை எடைபோடுவது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

என் முடிவை உறுதியாக்கியது மரிஜ்னேயின் கதை. 2018 மே மாதம் அவரை ஆடவர் அணியிலிருந்து எடுத்து, பெண்கள் அணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் அணியில் இருந்த ஹரேந்திரா ஆடவர் அணிக்கு வந்தார். ஆடவர் அணியில் மரிஜ்னேக்குக் கிடைத்தது சுமார் எட்டு மாதம். பெண்கள் அணியில் மூன்று வருடத்துக்கு மேல். டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தப் பெண்கள் அணி முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தது: நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பிறகு அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று, கால் இறுதியில் குர்ஜித் கவுரின் ஒரே கோலில் ஆஸ்திரேலியாவை வெளியேற்றியது. கடைசியில் நான்காவது இடம். இந்தியப் பெண்கள் அணி ஒலிம்பிக் அரையிறுதியில் நின்றது அதுவே முதல் முறை. ஒரே மனிதர், ஒரே மூளை. ஆடவர் அணிக்குப் போதாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவர். வேறுபட்டது கொடுத்த காலம்தான்.

சரி, காலம் கொடுத்தால் அப்படி என்ன நடக்கிறது? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு கோச் என்றால் தாக்குதல், யாரை முன்களத்தில் போடுவது என்பது போன்ற விஷயங்கள்தான் தெரியும். அதையெல்லாம் ஒரு வாரத்தில் மாற்றலாம். பந்து நம்மிடம் இல்லாதபோது பதினொரு பேரும் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒரு வாரத்தில் மாற்ற முடியாது. கோலுக்கு அருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். இதற்கு அந்தத் தடுப்பைவிட நல்ல உதாரணம் இல்லை.

கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள். பந்து பின்கோட்டிலிருந்து தள்ளப்பட்டு, கோலைச் சுற்றியுள்ள டி என்ற வளைவுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, மட்டையால் இழுத்து எறியும் டிராக் ஃபிளிக்காகப் பாய்ந்து வர இரண்டு விநாடிகூட ஆகாது. அதைத் தடுக்க முதலில் ஓடும் ரஷர் பந்தை நோக்கிக் கண்மூடித்தனமாக ஓடுவதில்லை. கோலின் ஒரு பக்கத்தைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு ஓடுகிறார். மறுபக்கம் கோல்கீப்பருடையது. ரஷர் அரை அடி தள்ளி ஓடினால் அடைக்க வேண்டிய பக்கம் திறந்துவிடும், கோல்கீப்பருக்குப் பந்தும் தெரியாது. இரண்டாவது ரஷர் மீண்டு வரும் பந்துக்கு, இன்னொருவர் போஸ்ட்டுக்கு. யார் பந்து எது என்று கேட்க அங்கே நேரமில்லை. உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். புது கோச் வந்து, ரஷர் இடப்பக்கம் அடைக்காமல் வலப்பக்கம் அடைக்கட்டும் என்று சொன்னால், அந்த ஐந்து பேரும் பழையதை மறந்து புதியதைப் பழகும் வரை கோல் விழுந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த கோச்சைத் தேடுவோம்.

டோக்கியோவில் ஆடவர் அணியின் வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனிக்குக் கடைசிப் பெனால்டி கார்னர் கிடைத்தபோது, ஆட்டம் முடிய ஏழு விநாடிகூட இல்லை. ஸ்கோர் 5-4. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார், 41 வருடத்துக்குப் பிறகு பதக்கம் வந்தது. அந்தத் தடுப்பின் பின்னால் ரீட்டின் இரண்டு வருடத்துக்கு மேலான பயிற்சி இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஆடவர், பெண்கள் இரு அணிகளும் பெங்களூருவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) வளாகத்திலேயே மாதக்கணக்கில் இருந்தன. கோச்களும் கூடவே இருந்தார்கள். அந்தச் சமயத்தில் யாரும் யாரையும் மாற்றவில்லை. இரண்டு அணிகளும் ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனதில் இதற்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். அதே ஒலிம்பிக்கில் ரீட்டின் அணி ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று தோற்றிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் ரீட்டையும் மாற்றினோமே, பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடி வெண்கலம் வந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, என் வாதத்துக்குச் சங்கடமான கேள்வியும்கூட. 2023 ஜனவரியில் சொந்த மண்ணில் உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் ஷூட்அவுட்டில் தோற்று ஒன்பதாவது இடம் வந்ததும் ரீட் விலகினார். ஃபுல்டன் வந்தார். ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதிப்போட்டியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த அணி 4-3 என்று வென்றது. கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வம் அந்த அணியில் இருந்தார் என்பதில் எங்கள் ஊருக்குத் தனிச் சந்தோஷம். அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம். மாற்றம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பலித்த விதத்தைப் பாருங்கள். பாரிஸ் போன 16 பேரில் 11 பேர் டோக்கியோவில் ஆடியவர்கள். ஸ்ரீஜேஷ், ஹர்மன்பிரீத், மன்பிரீத், ஹர்திக், அமித் ரோஹிதாஸ் என்று முதுகெலும்பு அப்படியே இருந்தது. பெல்ஜியத்தின் துணைக் கோச்சாக இருந்த ஃபுல்டன் தற்காப்பை இறுக்கினார், இருந்ததைக் கலைக்கவில்லை. 2024 ஏப்ரலில் பெர்த்தில் ஆஸ்திரேலியா ஐந்துக்கு ஐந்தும் வென்று அனுப்பியது. அப்போதே அவரை மாற்றியிருக்கலாம், காரணம் கையில் இருந்தது. மாற்றவில்லை. நான்கு மாதத்தில் பாரிஸில் அதே ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றார்கள், 1972க்குப் பிறகு ஒலிம்பிக்கில் முதல் முறையாக. பிரிட்டனுடனான கால் இறுதியில் ரோஹிதாஸ் 17ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட, மீதி ஆட்டம் முழுவதையும் பத்துப் பேரோடு 1-1 என்று தாங்கி, ஷூட்அவுட்டில் வென்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் சேர்ந்து பழகாத தற்காப்பு அப்படித் தாங்கியிருக்காது. தடை காரணமாக முதல் ரஷர் ரோஹிதாஸ் இல்லாமல் ஆடிய அரையிறுதியில், ஜெர்மனியின் முதல் கோல் பெய்லட்டின் பெனால்டி கார்னரில்தான் வந்தது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பழகிய ஐந்து பேரில் ஒருவர் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கிளப் விஷயம் இதைவிடச் சின்னது. ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர்தான் எங்கள் கோச். தொடர்ந்து தோற்றபோது, "அண்ணாச்சி, சாருக்கு வயசாயிடுச்சு, சென்னையில இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வருவோம்" என்று கமிட்டியில் பாதிப்பேர் சொன்னார்கள். நாங்கள் வாங்கிய கோல்களைப் பிரித்து எழுதிப் பார்த்தபோது அதிகம் பெனால்டி கார்னரில் வந்தவை. எங்களிடம் முன்பு கோல்கீப்பராக ஆடி, இப்போது ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு தம்பியை, வாரக் கடைசியில் வந்து தடுப்பை மட்டும் பார்க்கச் சொன்னோம். சார் முதலில் முகம் சுளித்தார். பிறகு அந்தத் தம்பி ரஷர்களை வெறும் டென்னிஸ் பந்தை வைத்து ஓடவிடுவதைப் பார்த்துவிட்டு அவரே விசில் எடுத்துக்கொண்டு நின்றார். கார்னரில் விழும் கோல் குறைந்தது. கோப்பை எதுவும் வரவில்லை. சென்னை ஆள் வந்திருந்தால் இதைவிட நன்றாக ஆகியிருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. கோச்சும் கேப்டனும் பேசிக்கொள்வதில்லை, ஆட்டக்காரர்கள் அவரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், சம்பளமோ தேர்வோ நியாயமாக நடக்கவில்லை என்றால், காலம் கொடுப்பது அநியாயம். அங்கே ஸ்கோரைப் பார்க்கவே தேவையில்லை. ஒரு தொழில்முறை அணியின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நான் போனதில்லை என்பதால் அந்த நிலை எந்த நாளில் வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் எனக்கு அனுபவம் போதாது. தோல்வி மட்டுமே காரணம் என்றால், துணைக் கோச், கோல்கீப்பர் கோச், உடற்தகுதி பார்ப்பவர் ஆகியோரில் யாரைச் சேர்க்கலாம், யாரை மாற்றலாம் என்று முதலில் பார்க்க வேண்டும். தலைமைக் கோச்சை மாற்றும் நாள் வந்தாலும் அவர்களைக் கூடவே அனுப்பிவிடக் கூடாது.

எங்கள் சார் அடுத்த சீசனோடு போதும் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் பிறகு பொறுப்பேற்கப் போகிறவரை இந்தச் சீசனிலேயே அவர் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். தடுப்பைப் பார்க்கும் தம்பி தொடர்ந்து இருப்பார் என்பதையும் எழுதி வாங்கிவிட்டோம்.