பழைய கிச்சன்எய்ட் கே45: பிரித்துச் சீரமைத்து இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

ஹோபார்ட் நிறுவனத்தின் பெயர்த்தகடு பொருத்திய கிச்சன்எய்ட் கே45 என்னும், மாவு பிசையவும் கலக்கவும் உதவும் ஸ்டாண்ட் மிக்சர் ஒன்றை ஓடாத நிலையில் வாங்கி, கடைசித் திருகு வரை கழற்றிச் சீரமைத்து, இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பழைய இயந்திரத்தின் தரத்தில் பாதி அதைச் செய்தவருடையது, மீதி இடையில் அதைத் திறந்து பார்த்தவர்களுடையது. ஆகவே, சீரமைப்புப் பணியைத் தவிர்த்துவிட்டு இந்த இயந்திரத்தை மட்டும் மதிப்பிட முடியாது.

இந்த மிக்சரின் மூதாதை, பெரிய அடுமனைகளுக்காக ஹோபார்ட்டின் பொறியாளர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் 1908ஆம் ஆண்டில் வடிவமைக்கத் தொடங்கிய இயந்திரமாகும். அதன் வீட்டுப் பதிப்பு எச்5 என்ற பெயரில் 1919இல் வந்தது. கிண்ணம் அசையாமல் நிற்க, மாவைக் கலக்கும் துடுப்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே எதிர்த்திசையில் கிண்ணத்தையும் வலம்வரும் அந்த இயக்கம் இன்றுவரை மாறவில்லை. 1937இல் எக்மாண்ட் ஆரன்ஸ் வடிவமைத்த மாடல் கே தந்த உருவமும், அதன் முகப்பில் உள்ள துணைக்கருவி இணைப்பும் அப்படியே தொடர்கின்றன. புதிதாக வாங்கிய துணைக்கருவி என் பழைய இயந்திரத்தில் தடையின்றிப் பொருந்தியது. கே45 வெளிவந்தது 1962இல். ஹோபார்ட்டின் பிராண்டாக இருந்த கிச்சன்எய்ட் 1986இல் வேர்ல்பூல் நிறுவனத்துக்குக் கைமாறியது. பெயர்த்தகட்டில் ஹோபார்ட் என்று இருந்தால், இயந்திரம் அந்தக் கைமாற்றத்துக்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

சீரமைப்பில் முதலில் பார்க்க வேண்டியது கிரீஸ். பழைய கே45 பற்றிப் பலரும் சொல்லும் குறை, துடுப்பு மாட்டும் தண்டின் வழியே எண்ணெய் சொட்டுகிறது என்பதே. சோப்புப் போன்ற ஒரு கெட்டிப்பொருளுக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதுதான் கிரீஸ். இயந்திரம் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்றால் எண்ணெய் பிரிந்து கீழே இறங்கிவிடும், கெட்டிப்பொருள் மட்டும் பற்சக்கரங்களுக்கு எட்டாத மூலைகளில் மெழுகாக இறுகிக் கிடக்கும். ஆகவே சொட்டுவது பழுதின் அடையாளம் அன்று, வயதின் அடையாளம். என் இயந்திரத்தில் இதைவிடச் சிக்கலான நிலை இருந்தது. முன்பு அதைச் சரிபார்த்த யாரோ ஒருவர், பழைய கிரீஸை எடுக்காமல் அதன்மீதே வாகனங்களுக்கான கிரீஸை அடைத்திருந்தார். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கிரீஸ்கள் கலந்தால் இளகிக் கூழாகிவிடும், அதுவே நடந்திருந்தது. மேலும், கிண்ணத்துக்கு நேர் மேலே இருக்கும் பற்சக்கரப் பெட்டியில் உணவுத்தரக் கிரீஸைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. மரக் கரண்டியால் வழித்து, மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கெட் வைத்து, ஏறத்தாழ 170 கிராம் உணவுத்தரக் கிரீஸை, மோட்டாரின் சுழற்சியைத் துடுப்புக்குக் கடத்தும் பற்சக்கரமான வார்ம் கியரைச் சுற்றி நிறைத்தேன். அதன்பின் இன்றுவரை ஒரு சொட்டும் விழவில்லை.

அந்த வார்ம் கியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுமை மிகுந்தால் மோட்டாரும் மற்றப் பாகங்களும் கெடுவதற்கு முன் அந்தச் சக்கரத்தின் பற்கள் தேயும்படி இதை அமைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்ததைக் காப்பாற்ற எளிதில் மாற்றக்கூடியதை முன்னிறுத்தும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். என்னுடையதில் பற்கள் தேயாமல் கூர்மையாகவே இருந்தன.

இயந்திரம் ஓடாததற்குக் காரணம், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ். மோட்டாரின் இருபுறமும் உள்ள மூடிகளைக் கழற்றியபோது ஒன்று 4 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தது. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே மாற்றிவிடுவது நல்லது. நீளம் போதுமானதாக இருந்து பழைய பிரஷையே திரும்ப வைப்பவர்கள், அதன் குழிந்த முனை முன்பிருந்த திசையிலேயே பொருந்துமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பின்மூடிக்குள் இருக்கும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் தொடுமுனைகள் கருகியிருந்தால், மிக்சர் எந்த நிலையிலும் முழு வேகத்தில் ஓடும் அல்லது கிளம்பவே கிளம்பாது. அவற்றை மென்மையாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, மிகக் குறைந்த வேகத்தில் துடுப்பு நிமிடத்துக்கு 60 முறை வலம்வரும்படி கட்டுப்பாட்டுத் தகட்டின் திருகுகளைச் சரிசெய்தேன்.

மின்சாரப் பகுதியில் அசட்டை கூடாது. பழைய வயரின் உறை விரலால் வளைத்ததும் உதிர்ந்தது. உடல் முழுவதும் உலோகமாக இருப்பதால், இரண்டு கம்பி வயருக்குப் பதிலாக எர்த் கம்பியுள்ள மூன்று கம்பி வயரைப் பொருத்தி, எர்த்தை உடலோடு உறுதியாக இணைத்தேன். பிறகு மெக்கர் என்னும் கருவியில், மின்கசிவு உண்டா என்பதைக் காட்டும் காப்புத்தடையை 500 வோல்ட்டில் சோதித்த பின்பே பிளக்கைச் செருகினேன். இதன் மோட்டார் யூனிவர்சல் வகை (ஏசி, டிசி இரண்டிலும் ஓடுவது) என்பதால் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற வேறுபாடு அதைப் பாதிக்காது, மின்னழுத்தம் பாதிக்கும். 120 வோல்ட்டுக்குச் செய்த இயந்திரத்தை 230 வோல்ட்டில் இயக்க, மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும்.

பெயின்ட்டை நான் தொடவில்லை. அக்காலப் பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், உலர்நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை ஒருபோதும் செய்யக் கூடாது. தேய்த்து மெருகேற்றிய அலுமினியத் துடுப்பைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் கறுத்து, கையில் சாம்பல்நிறக் கறை ஒட்டும். கையால் கழுவி உடனே துடைப்பதே முறை.

பயன்பாட்டில், 250 வாட் மோட்டார் என்பதை நம்ப முடியாத அளவுக்கு இது நிதானமாக உழைக்கிறது. 4.3 லிட்டர் கிண்ணத்தில் பாதியளவு கெட்டி மாவை இரண்டாம் வேகத்தில் பிசையும்போது சத்தம் ஆழ்ந்து ஒரே சீராக இருக்கிறது, வேகம் தளரவில்லை. இரண்டாம் வேகத்துக்கு மேல் மாவு பிசைவது எந்தக் காலத்து மாடலுக்கும் கேடு. 10 கிலோவுக்கு மேற்பட்ட எடையால் மேசையில் நகராமல் நிற்கிறது; தினமும் அலமாரியிலிருந்து எடுத்து வைக்க நினைப்பவர்களுக்கு அதே எடை பெரும் தொல்லையாகும். நீண்ட இடைவெளிக்குப் பின் பயன்படுத்தும்போது சுமையின்றிச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் கிரீஸ் இளகிப் பரவுகிறது.

சீரமைத்து விற்கப்படும் ஒன்றை வாங்குபவர்கள் புதுப் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கிரீஸ் மாற்றப்பட்டதா, எந்த வகை, வயரில் எர்த் உண்டா என்று கேளுங்கள். பற்சக்கரப் பெட்டியைத் திறந்து எடுத்த படங்களைக் காட்ட முடியாதவரிடமிருந்து நான் வாங்க மாட்டேன். தலைப்பகுதியைத் தூக்கிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். தலைப்பகுதியைத் தாங்கும் கீல்முள் வெளியே நழுவியிருந்தால் அங்குள்ள சிறு திருகை இறுக்கினாலே போதும்; என் இயந்திரத்தில் இந்த இரண்டு ஆண்டுகளில் நான் மீண்டும் கைவைத்தது அந்த ஒரு திருகில் மட்டுமே.