பெயர் எழுதாத மரம் எங்கே போகிறது? எக்செல், ஆர், பைத்தான்: ஓர் ஒப்பீடு

கோத்தகிரிப் பக்கம் லாங்வுட் சோலைக்குள் மரம் அளக்கப் போனால், நாடாவைச் சுற்றும் முன் தண்டில் மெத்தை போலப் படிந்த பாசியை ஒதுக்கவே பாதி நேரம் போய்விடும். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, பக்கத்துக் கட்டத்தில் மரத்தின் பெயரை எழுத வேண்டும். பெயர் பிடிபடாவிட்டால் கட்டம் காலி. மழை பிடித்துக்கொண்டால் இன்னும் சில கட்டங்கள் காலி. அதனால் ஒரு மென்பொருளிடம் நான் முதலில் பார்ப்பது, இந்தக் காலிக் கட்டங்களை அது என்ன செய்கிறது என்பதைத்தான். வேகமும் அழகும் அப்புறம்.

ஐந்து மரங்களை வைத்துச் சோதிக்கலாம். சீகை 60 செ.மீ., நாவல் 64, காட்டுப்பூவரசு 28, பெயர் எழுதாத ஒன்று 112, சுற்றளவு எழுதாத நாவல் ஒன்று. சீகை வெளியிலிருந்து வந்த மரம், அதை நீக்கிவிட்டு மற்றதைக் கொடு என்று கேட்கிறோம்.

ஆர் மொழியில் தரவை வடிகட்ட உதவும் டிப்ளையர் தொகுப்பு மூன்று வரிசைதான் தரும். பெயர் இல்லாத மரம் சீகையா இல்லையா என்று அதற்குத் தெரியாது. உறுதியாக 'ஆம்' என்று வந்த வரிசைகளை மட்டுமே அது வைத்துக்கொள்ளும், ஆகவே 112 செ.மீ. மரம் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். ஆரின் பழைய சதுர அடைப்பு முறையில் நான்கு வரிசை வரும். ஆனால் நான்கில் ஒன்று முழுக்க என்ஏ, அதாவது 'மதிப்பு இல்லை' என்ற குறி; 112 இருந்த இடத்திலும் என்ஏதான். பைத்தானின் தரவுத் தொகுப்பான பாண்டாஸும் நான்கு வரிசை தரும், அதில் 112 பத்திரமாக இருக்கும். இல்லாத மதிப்பு எதற்கும் சமமில்லை என்பது அதன் கணக்கு. அதே பாண்டாஸிடம் '30 செ.மீ.க்கு மேல்' என்று கேட்டால் சுற்றளவு எழுதாத நாவலைக் கழற்றிவிடும்.

ஒரு மரம்தானே என்று விடமுடியாது. அடிப்பரப்பு என்பது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, சுற்றளவின் வர்க்கத்தை 4π ஆல் வகுத்தால் வருவது. 112 இல்லாமல் கூட்டினால் 388 சதுர செ.மீ., சேர்த்தால் 1387. சோலையின் மிகப் பெரிய மரத்துக்குப் பெயர் தெரியவில்லை என்பதற்காகக் காடே சிறுத்துப்போகிறது! டிப்ளையரில் 'அல்லது பெயர் காலியாக இருந்தால்' என்று ஒரு நிபந்தனையைக் கூடவே எழுதினால் தீர்ந்தது.

இன்னொன்று. ஆரின் சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த கோப்பு) வாசிப்பு, எழுத்துப் பத்தியில் உள்ள காலிக் கட்டத்தை வெற்று எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். ரீட்ஆர் தொகுப்பில் வாசித்தால் அது என்ஏ ஆகும். மேலே சொன்னது இந்த இரண்டாவது நிலைக்கு. ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு விதமாகத் திறந்து வேறு வேறு விடையோடு வந்து நிற்பது இதனால்தான்.

எக்செலை இந்த இடத்தில் மனம் திறந்து பாராட்டுவேன். வடிகட்டும் பட்டியலில் காலிக் கட்டங்களும் தனி வரியாகக் கண்ணில் படும். பதிவு செய்ய அதுவே போதும். கணக்குக்கு வேண்டாம். வடிகட்டி மறைத்த வரிசைகளையும் 'சம்' என்ற கூட்டல் கட்டளை கூட்டிவிடும், 'சப்டோட்டல்' கூட்டாது. எதை எப்போது மறைத்தோம் என்பதற்குச் சுவடும் இருக்காது. முதுமலையில் 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுத் திடலில் 1988 முதல் 1 செ.மீ. விட்டம் தொட்ட தண்டுகளை எல்லாம் பின்தொடர்கிறார்கள். அந்த அளவுக்குப் போனால், செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் இருந்தே ஆகவேண்டும்.

வரைபடத்தில் என் ஓட்டு ஆரின் ஜிஜிபிளாட்2 தொகுப்புக்கு. அளவு இல்லாத மரங்களைப் புள்ளி வைக்காமல் விடும்போது, இத்தனை வரிசை நீக்கினேன் என்று எச்சரிக்கை தரும். பைத்தானின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப் எதுவும் சொல்லாமல் விட்டுவிடும். தமிழில் பெயர் போடுவதிலும் அதனோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதன் இயல்பு எழுத்துருவில் தமிழே கிடையாது, கட்டம் கட்டமாக வரும். எழுத்துருவை மாற்றினால் 'சீகை'யின் இணைக்கொம்பு (ை) ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஆரில் ராக் தொகுப்பு வழியாகப் படத்தைச் சேமித்தபோது எழுத்து ஒழுங்காக வந்தது. ஊர்க்காரர்களுக்குக் காட்டப்போகும் படம் என்றால் இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

கற்றுக்கொள்ள ஆரில் 'ட்ரீஸ்' என்ற தரவு கூடவே வருகிறது, 31 கருஞ்செர்ரி மரங்கள். அதில் 'சுற்றளவு' என்று தலைப்பிட்ட பத்தியில் இருப்பது அங்குலத்தில் விட்டம். ஆரின் உதவிப் பக்கமே இதைத் தவறு என்று சொல்கிறது. நம் தாளில் சுற்றளவை விட்டம் என்று எடுத்துக்கொண்டால் அடிப்பரப்பு ஏறக்குறைய பத்து மடங்கு ஊதிவிடும்.

கடைசியாக அந்த 60 செ.மீ. சீகை. 30–60, 60–90 என்று வகுப்பு பிரித்தால் ஆர் அதை முதல் வகுப்பில் போடும், மேட்பிளாட்லிப் இரண்டாவதில். நாடாவை முழு சென்டிமீட்டரில் வாசிக்கிறோம், எல்லைக் கோட்டில் விழும் மரங்கள் நிறைய. நான் எப்போதும் 30–59, 60–89 என்று தாளிலேயே எழுதிவிட்டு, ஆரில் வலது எல்லையைத் திறந்துவைக்க, அதாவது 60ஐ அடுத்த வகுப்பில் சேர்க்கச் சொல்லிவிடுவேன்.